உச்சிக்கிளையில் மூன்று

வெள்ளிச் சந்தையில் கூண்டோடு வாங்கியபோது
சுருள் பல்பு ஒன்றையும் சேர்த்துக் கட்டினான் கடைக்காரன்.
"முழுச் சூரியன், பாய். ரெண்டே தினார்."

பச்சோந்திக்குத் தாசில்தார் என்று பெயர் வைத்தோம்.
ஒரு கண்ணால் மனுவைப் பார்க்கும்,
மறு கண்ணால் மின்விசிறியை.
ஒரு காலைத் தூக்கினால்
வைப்பதா வேண்டாமா என்று கோப்பு மேலிடம் போய் வரும்.
ஊரில் இதன் பெயர் ஒரு வசவு,
கட்சி மாறியவனுக்கு என்று எடுத்து வைத்தது.
அபு ஹலீஃபாவில், நான்காம் மாடியில்,
மூன்று கட்டில்களுக்கு நடுவே
இது மாறவே இல்லை.
பழுப்பாகவே இருந்தது.
பகலெல்லாம் கண்ணை மூடிக் கிடந்தது.
தூக்கம் என்று நினைத்தோம்.

மினா அப்துல்லாவில் கருவி சரிபார்ப்பவன் நான்.
அழுத்தம், வெப்பம், ஓட்டம்,
எதையும் முள்ளைப் பார்க்காமல் நம்பியதில்லை.
ஒரு பல்பை மட்டும்
விற்றவன் வாயை வைத்து நம்பியிருக்கிறேன்.

ரோடெலிடம் மீட்டர் இருந்தது,
கைக்குள் அடங்கும் மஞ்சள் டப்பா.
வியாழன் இரவு தந்தான், வெள்ளி இரவு திரும்பி வர வேண்டும்.
"வெளிச்சத்தைப் பார்க்காதே, எண்ணைப் பார்.
நீ தேடுவது கண்ணுக்குத் தெரியாது."

அரை மணி சூடேற விட்டு அளந்தேன்.
உச்சிக்கிளையில் ஏழரை.
சனியேதான்.
ஒரு சாண் கீழே, இலை மறைவில்,
சுழி புள்ளி இரண்டு.
ஏறினால் கண் எரியும். இறங்கினால் எலும்பு வளையும்.
இரண்டுக்கும் நடுவில்
கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறது, தாசில்தார்.

மறுநாள் மத்தியானம்.
மீட்டர் கையில் இருக்கும்போது யாரால் சும்மா இருக்க முடியும்?
சன்னல் கண்ணாடி வழியே தரையில் விழுந்த வெயிலை அளந்தேன்.
சுழி.
கண் கூசுகிறது, உள்ளங்கை சுடுகிறது, அப்போதும் சுழி.
சன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டினேன்.
பதினொன்று.

மரியநாயகம் அண்ணன் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.
சாரத்தில் நின்று பைப்புக்கு வர்ணம் அடிப்பவர்.
"எனக்கு எதுக்குடா மீட்டரு? பிடரியத் தொட்டுப் பாரு."
தொட்டேன். உரிந்து உரிந்து மரப்பட்டையாகியிருந்தது.
நான் சன்னலே இல்லாத அறையில் எட்டு வருடம்.
போன மாத ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி ஒன்பது என்றார்கள்.
ஞாயிறுதோறும் ஒரு மாத்திரை.

அவருக்குப் பதினொன்று, எனக்குச் சுழி.
இதற்கு வேண்டியது மூன்று.

காலையிலேயே நீளக் குழல் விளக்கு வாங்கி வந்திருந்தேன்.
வெறுமனே பிடித்தால் நாலரை.
வலைமேல் வைத்தால் மூன்றுக்குக் கொஞ்சம் கீழே;
கம்பி வலையும் கமிஷன் எடுக்கிறது இந்த ஊரில்.
கிளையை இரண்டு விரற்கடை ஏற்றினேன். மூன்று.
அப்புறம்தான் உறைத்தது:
நான் அளந்தது கிளையை.
வெயில் காய்வது முதுகு.
மறுபடி இறக்கினேன்.

குழலின் முனையில் மார்க்கரால் தேதி எழுதினேன்.
வருடம் திரும்பினால் மாற்ற வேண்டும்,
எரிவது போலவே எரியும், உள்ளே ஒன்றும் இருக்காதாம்.
என் அக்காமா அதற்கு ஒன்றரை மாதம் முன்பே முடிகிறது.
அதை எங்கும் எழுதவில்லை.

மீட்டர் திரும்பிப் போய் ஒன்பது நாள் ஆயிற்று.
இன்று இரண்டு கண்ணும் திறந்திருக்கின்றன,
வெவ்வேறு திசையில்.
விலாவில் ஒரு பச்சை,
மழை பெய்த மறுநாள் வேலிக்கு வருமே, அது.
வெட்டுக்கிளி ஒன்றை நாக்கு
நாங்கள் பார்க்கும் முன் எடுத்துவிட்டது.

காலை ஆறுக்கே விளக்கு எரிகிறது என்று
வாரம் முழுக்கத் திட்டிய மரியநாயகம் அண்ணன்
போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டுகிறார்.
"நாளைக்கு வெள்ளி.
ஒரு அரை மணி பிந்தி எரியட்டுமேடா.
அதுவும் தூங்கட்டும்."

டைமர் முள்ளைத் திருப்பி வைத்தேன்.