இளமஞ்சள்

ஏரியில் காற்று திரும்பும் நேரத்துக்கு
அக்கேயோ வருவாள்.
வாளியைக் கதவுக்கு வெளியே வைப்பாள்.
ஒமேனா மீன், சுண்டுவிரல் நீளம், வெள்ளியும் நாற்றமுமாய்.
"நாய் வந்தால் விரட்டு" என்பாள் காவலாளியிடம்.
பிறகு செருப்பைக் கழற்றுவாள்.
கழற்றச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

நான் நெக்கேசா. ஆய்வகத்துக்காரி.
பெயர்களை என்னிடம் சொல்லக்கூடாது என்பது விதி.
எனக்கு அவள் நானூற்றுப் பதினேழு.
மீன் வாசனைக்கு யார் எண் ஒட்டுவது?

முதல் தடுப்பூசி மேல்கையில் போட்டது.
ஆறு மாதம், நான்கு ஊசி.
ஒவ்வொரு முறையும் ஒரு குழாய் ரத்தம்,
திரைக்குப் பின்னால் போய்
அவளே வைத்து எடுத்துத் தரும்
கடுகளவு ஈரம் குடித்த பஞ்சு ஒன்று.

மூன்றாம் முறை நர்ஸைக் கேட்டாள்:
"அது கை வழியாகவா வருகிறது?"

நர்ஸ் சிரித்தாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
அன்று காலைதான் தட்டைப் பார்த்திருந்தேன்.
தொண்ணூற்றாறு குழிகள்.
கடைசிச் சொட்டு அமிலம் விழுந்ததும்
ரத்தத்தின் வரிசைகள்
பூசணிப்பூப் போல் மஞ்சள்.
பஞ்சின் வரிசைகள்
பச்சைத் தண்ணீர்.

கரை நெடுக ஆள் நிறுத்தியிருக்கிறோம்,
படகு வந்து முட்டுகிற அந்த ஒரு முழத்தைத் தவிர.

மீன் வேண்டுமென்றால்
படகுக்காரனுக்குக் காசு மட்டும் போதாது இங்கே.
அதற்கு இந்தக் கரையில் ஒரு சொல் உண்டு.
அவள் அதைச் சொன்னதில்லை.
நானும் படிவத்தில் எழுதியதில்லை.

இரண்டு வருடம் கழித்து
மூக்கில் தெளிக்கிற ஒன்று வந்தது.
வடிவமைத்தவர்கள் திரையில் படம் போட்டார்கள்:
மூக்கின் சவ்வில் பாடம் படித்த அணுக்கள்
ரத்தத்தில் ஏறி, ஊர் ஊராய் இறங்காமல் போய்
கீழே இன்னொரு சவ்வில் குடியேறுமாம்.
அம்புக்குறிகள் அழகாக வளைந்தன.

"மூக்குக்கும் அதற்கும் என்ன உறவு?" என்றாள்.
"பங்காளிகள்" என்றேன்.
"ஈரம் சுரக்கிற இடமெல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள்."
"பங்காளிகள் எப்போது பேசிக்கொண்டார்கள்?"
என்று கேட்டுவிட்டு
மூக்கை நிமிர்த்திக் காட்டினாள்.
இரண்டு தும்மல்.
கண்ணில் நீர். அதுவும் ஒரு பங்காளி.

நேற்று அவள் பஞ்சு தட்டில் ஏறியது.
பாதியில் மின்சாரம் போய்
ஜெனரேட்டர் இருமி எழுந்தது.
நான்காம் வரிசை, ஏழாம் குழி.
மஞ்சள் என்று சொல்ல முடியாது.
மஞ்சளை நினைத்துக்கொண்ட தண்ணீர்.
எந்திரம் ஒரு எண் சொன்னது,
வெட்டுக்கோட்டுக்கு மயிரிழை மேலே.
திரும்ப ஓட்டினேன். மேலே.
மூன்றாம் முறை கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது,
வேலியில் காகம் போல.

அவளுக்குத் தெளித்தது மருந்தா வெறும் உப்புநீரா,
எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது.
தெரிந்த உறை எங்கோ வேறு ஊரில்
பூட்டிய அலமாரியில் இருக்கிறது.
தெரிந்தாலும் என்ன?
இவ்வளவு வெளிறிய மஞ்சள்
இருட்டில் ஒருத்தியைக் காக்குமா என்று
எந்தத் தட்டும் சொல்லாது.

எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
இன்று அவள் மறுபடி வந்திருக்கிறாள்.
வெளியே வாளி உருளும் சத்தம்.
காவலாளி தூங்கியிருக்க வேண்டும்.
திரைக்குப் பின்னாலிருந்து
அவளே நாயை விரட்டுகிறாள்.