அரை மாத்திரை

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்கு மேலே
பத்துக்குப் பன்னிரண்டு அறை.
சுவரெல்லாம் முட்டை அட்டை.
கீழே மெருகு மெஷின் நின்ற பிறகுதான்
எங்கள் சத்தம் தொடங்கும்.
சாதிக் டிரம்ஸ், கார்வண்ணன் பேஸ்,
கிடாரும் தொண்டையும் நான்.
குழுவின் பெயர் வெள்ளைக்கல்.

அந்த ரிஃப் எனக்கு விழுந்தது
ஒரு மார்ச் இரவு, ஐந்து ரோட்டில்
தட்டுவடை செட்டுக்குக் காத்திருந்தபோது.
ஐந்து சுரம். நாலாவதுக்கு முன்னால்
சின்னதாய் ஒரு நொண்டல்.
விழுந்தது என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன்.
விழுவதற்கு
மேலே யாராவது இருக்க வேண்டுமென்று
அப்போது தோன்றவில்லை.

கல்லூரி விழாக்களில்
அந்த நொண்டலுக்குத்தான் விசில்.
ஓமலூர்ப் பையன் ஒருவன்
அதை ரிங்டோனாக வைத்திருந்தான்.
மேடையிலிருந்து இறங்கிய என்னை நிறுத்தி
ஒருத்தி கேட்டாள்:
"இது ஏற்காடு ஜெஸிந்தாவோடதுதானே?"

கார்வண்ணன் சிரித்தான்.
"உலகத்துல பாதி ராக் பாட்டு
மூணு கார்டுலதான் குடும்பம் நடத்துது.
நம்ம ஊர்ல எத்தனை வண்டியில தட்டுவடை செட்!
எவன் எவன்மேல கேஸ் போட்டான்?"
சாதிக் குச்சியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:
"செட்டு பொது. சட்னி பொது இல்ல."

மூன்று நாள் தூங்கவில்லை.
நாலாம் நாள் ஞாபகம் வந்தது:
கோடை விழா, ஏரிக்கரை மேடை, தூறல்.
கூட்டம் கலைந்த பிறகு
கடைசியாக ஒரு பெண்ணை வாசிக்க விட்டார்கள்.
நான் மிளகாய் பஜ்ஜிக்கு
சில்லறை தேடிக்கொண்டிருந்தேன்.
பாதிதான் கேட்டேன்.
பாதிக் காதில் நுழைந்ததை
மனசு தன் பெயரில் பத்திரம் பதிந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை பைக்கில் ஏறினேன்.
இரண்டாம் கொண்டை ஊசியில் அது தற்செயல்.
ஒன்பதாவதில், பாதிப்பு.
பதினாலில் ஒரு லாரிக்கு ஒதுங்கி நின்றபோது
மரியாதை என்ற சொல்கூட வந்தது.
இருபதில் எல்லாச் சொல்லும் தீர்ந்து
காது அடைத்துக்கொண்டது.

நாகலூர் சாலையில் அவள் வீடு.
சிமெண்டுத் தளத்தில் காபிக்கொட்டை காய்ந்தது.
கிடாரை நீட்டி, "வாசி" என்றாள்.
வாசித்தேன்.
முகத்தைப் பார்க்கவில்லை அவள்,
என் இடது கையையே பார்த்தாள்.
"உன் சுண்டுவிரல் நல்லாத்தானே இருக்கு?"
"இருக்கு."
"அப்புறம் ஏன் அங்க நிக்கிற?"

தன் கையை விரித்தாள்.
ஒன்பது வயதில், பழம் உரிக்கும் மெஷினில்.
சுண்டுவிரல் பாதியோடு நின்றுவிட்டது.
நாலாவது சுரத்துக்கு
மோதிரவிரல்தான் இரண்டு கட்டம்
நடந்து போக வேண்டும்.
அது நடக்கிற நேரத்துக்குத்தான்
எனக்கு விசில்.

ஐந்து சுரமும் எவர் வீட்டுச் சொத்துமில்லை.
சொல்லியிருப்பேன், வாதாடியிருப்பேன்.
மெய்க்கு அரை மாத்திரை என்று
ஆறாம் வகுப்பில் ஒப்பித்திருக்கிறேன்.
நான் எடுத்தது அவ்வளவுதான்.
மெய்யை மட்டும்.

"காபி குடிச்சுட்டுப் போ" என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.
திட்டியிருந்தால் இறக்கம் சுலபமாயிருக்கும்.

வெள்ளிக்கிழமை ஒத்திகையில்
நிற்காமல் வாசித்தேன்.
பாட்டு நேராக நடந்தது,
வங்கிக்குப் போகிறவனைப் போல.
"இதுல ஒண்ணுமே இல்லியேடா"
என்றான் கார்வண்ணன்.
நான் பதில் சொல்லவில்லை.
சாதிக் மட்டும்
அந்த இடத்தில் குச்சியைத் தூக்கியபடி
இன்னும் காத்திருந்தான்,
யாரோ நடந்து வந்து சேரட்டும் என்று.