அனுமதிக்கப்பட்ட பிழை

கோயம்பேட்டில் தராசுத் தட்டுக்கு அடியில்
காந்தம் ஒட்டிவைத்திருந்தவனைப்
போன வாரம்தான் பிடித்தேன்.
ஐந்து லிட்டர்க் குவளையோடு போய்
பெட்ரோல் பங்குகளை நிற்கவைத்துக் கேள்வி கேட்பவள்.
கால் கிலோவில் எட்டு கிராம் குறைந்தால்
மேடம் காதுக்கே கேட்கும் என்பார்
ஜீப் ஓட்டும் தணிகாசலம்.

அப்படிப்பட்ட நான்
முப்பத்தெட்டு பி, முப்பத்தெட்டு பி என்று
கடை கடையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.
யார் அளந்தது?
யாரும் அளக்கவில்லை.

கல்லூரியில் சேர்ந்த புதிதில்
மின்ட் தெருப் பக்கம் ஒரு கடை.
கல்லாவில் இருந்தவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்,
'முப்பத்திநாலு எடு' என்று உள்ளே குரல் கொடுத்தார்.
அம்மா தரையைப் பார்த்தாள்.
நான் மின்விசிறியைப் பார்த்தேன்.
செய்தித்தாளில் சுற்றி வந்தது,
பையின் அடியில் போனது,
மேலே ஒரு கிலோ துவரம்பருப்பு.
(பருப்பை மட்டும் அம்மா
வீட்டில் மறுபடி நிறுத்துப் பார்த்தாள்.)

பிறகு உடம்பு மாறும்போதெல்லாம்
எண்ணைக் கூட்டினேன், அவ்வளவுதான்.
மூச்சு முட்டியபோது முப்பத்தாறு.
கவின் பிறந்தபின் முப்பத்தெட்டு.
முதுகில் பட்டி மேலே ஏறும்.
ஏறினால் தோள்வாரை இழுப்பேன்.
இழுத்தால் தோளில் பள்ளம்,
பள்ளத்தில் வேர்வை, வேர்வையில் வேர்க்குரு,
வேர்க்குருவுக்குப் பவுடர்.
பெண்ணுடம்பு என்றால் இதுதான் என்றிருந்தேன்.
மொட்டைமாடியில் துண்டுக்கு அடியில் காயப்போட்டு,
துண்டு காய்ந்தும் அது காயாமல்,
ஈரத்தோடு மாட்டிக்கொண்டு ஓடி
இருபத்தொன்பது சி-யைப் பிடித்த காலைகள்.

சனிக்கிழமை புரசைவாக்கத்தில் ஒரு மாடிக் கடை.
சட்டையில் பெனிட்டா என்று எழுதியிருந்த பெண்
'சைஸ்?' என்றாள். சொன்னேன்.
அவள் நம்பவில்லை,
வியாபாரி சொல்வதை நான் நம்பாததுபோலவே.

திரைக்குப் பின்னால்
கழுத்தில் தொங்கிய டேப்பைச் சுற்றினாள்.
'மூச்சை விடுங்க. வயித்தை இழுக்காதீங்க.'
பிடிபட்டேன்.
கீழ்ச்சுற்று முப்பத்திநாலு.
மேலே, இறுக்காமல், முப்பத்தெட்டு.
'நாலு இஞ்ச் வித்தியாசம். முப்பத்திநாலு டி.'

பேருந்து எண்போல இருந்தது.
டி என்றால்
விளம்பரப் பலகையில் நிற்கிறவர்களுக்கு அல்லவா?

'கப்பு அதேதான் மேடம். அது பிடிக்கிறதைத்தான் இதுவும் பிடிக்கும்.
சுத்துதான் நாலு இஞ்ச் ஜாஸ்தி போட்டிருக்கீங்க.'

கொள்ளளவு ஒன்று. கலம்தான் தவறு.
பதினெட்டு வருட சர்வீஸ்
அங்கிருந்த முக்காலியில் மெல்ல உட்கார்ந்தது.

'இடது கொஞ்சம் பெரிசு,' என்றேன்,
வாக்குமூலம்போல.
'எல்லாருக்கும் அப்படித்தான். பெரிசுக்குத்தான் எடுக்கணும்.'
எங்கள் சட்டப்புத்தகத்தில் இதற்குப் பெயர் இருக்கிறது,
தசமப் புள்ளியோடு ஓர் அட்டவணையும்.
கண்ணாடி முன் நின்று எனக்கு நானே
முத்திரை மறுத்து வந்த வருடங்களுக்கு
அதில் வரிசை இல்லை.

புதிதில் கடைசிக் கொக்கி,
தளரத் தளர உள்ளே வரலாம்.
பட்டிக்கும் முதுகுக்கும் நடுவே இரண்டு விரல்.
குனியச் சொன்னாள்.
பஸ்ஸில் கம்பி பிடிப்பதுபோலக் கையைத் தூக்கச் சொன்னாள்.
எதுவும் ஏறவில்லை, எதுவும் இறங்கவில்லை.

அவள் டேப்பைப் பார்த்தேன். தொழில் புத்தி.
முத்திரை கிடையாது,
முனை நைந்து கால் அங்குலம் காணோம்.
இரண்டு அளவிலும் அதே கால் அங்குலம்;
வித்தியாசத்துக்குப் பாதகமில்லை.
வழக்கு எழுதவில்லை.

இரண்டு எடுத்தேன்.
பில் போடும்போது அம்மா நினைவு வந்தாள்,
அறுபத்தெட்டு வயதில் இன்னும்
எவரோ நிமிர்ந்து பார்த்துச் சொன்ன ஏதோ ஓர் எண்ணில்.
அவளை இந்த மாடிப்படி ஏற்றுவது எப்படி?
மூட்டு வலியைச் சொல்வாள்.
மூட்டு வலி இல்லை அது.

டவுட்டன் நிறுத்தத்தில் ஏறினேன். உட்கார இடமில்லை.
சேத்துப்பட்டு தாண்டும்போது
பழக்கத்தில் கை எழுந்து
துப்பட்டாவுக்குள் தோளைத் தேடிப் போனது.
வார் இருந்த இடத்தில் இருந்தது.
கைக்கு வேலை இல்லை.
கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது,
பள்ளத்தைத் தடவிக்கொண்டு.