இடது சுட்டுவிரல்

மஞ்சம்பாக்கம் லாரி செட்டுகளுக்குப் பின்னால்
எங்கள் பங்குக் கோயிலின் மண்டபம்.
கல்யாணம், அடக்கச் சாப்பாடு, போலியோ சொட்டு மருந்து,
தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி.
மற்ற நாளெல்லாம்
பாய் விரித்தால் இருபத்தாறு பேர் படுக்கிற இடம்.

படுக்கிறவர்கள் பெயரை எழுதுபவன் நான்.
லக்ரா, கிஸ்போட்டா.
மின்ஜ் என்று எழுதிவிட்டு
மூன்று தரம் பார்ப்பேன்.
ஆள் சரி,
எழுத்துதான் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.
மண்டபத்தைத் திறந்துவிடலாமா என்று
பேரவை கூடிய ஞாயிறு நல்ல மழை.
கரண்ட் இல்லை.
செல்போன் வெளிச்சத்தில் கை எண்ணினார்கள்.
ஆறுக்கு ஐந்து.
அந்த ஐந்தில் ஒன்று என் கை.
"இது கோயிலா சத்திரமா" என்று கேட்டவனும் நான்தான்.
தோற்றவனைக் கூப்பிட்டு
சாவிக்கொத்தைக் கொடுத்தார் சாமியார்:
"எதிர்த்தவன்கிட்ட இருந்தாத்தான்
கணக்கு சரியா இருக்கும், அமலோற்பவம்."

வியாழன்தோறும் காவாங்கரை முகாமிலிருந்து
பஸ் மாறி வருவாள் தவமலர்.
ஆறு வயதில் தலைமன்னாரில் படகேறியவள்.
கரையேற்றி முதலில் கொண்டுபோய் வைத்த ஊரின்
பேரும் மண்டபம்தான் என்பாள்.
லாரி புக்கிங் ஆபீஸில் கூட்டிப் பெருக்கியபோது
காதில் விழுந்த இந்தியை வைத்துக்கொண்டு
பையன்களுக்குப் படிவம் ஆறு நிரப்புவாள்.
எந்தக் கட்டத்தில் டிக், எங்கே கையெழுத்து,
முகவரிக்கு எதைக் காட்டுவது,
எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.
உன் பேரை எப்போது எழுதப்போகிறாய் என்று
விளையாட்டாகக் கேட்டேன் ஒருநாள்.
"நான் நிரப்பிற ஆள் மட்டும் அண்ணை"
என்றாள், தலை நிமிராமல்.

தேர்தலுக்கு முந்தின நாள் பாய்களைச் சுருட்டினோம்.
இருபத்தாறு பேரும் லாரி செட்டுக்குப் போனார்கள்.
சிலுவையைத் துணியால் மூடணுமா என்று
கேட்ட அதிகாரி
அண்ணாந்து பார்த்துவிட்டு
ஏணி இல்லை, இருக்கட்டும் என்றார்.
காலையில் வரிசையில்
எனக்கு முன்னால் நின்றான் மின்ஜ்,
சட்டையை இஸ்திரி போட்டு.
சரிபார்க்கிறவர் அவன் பேரை
உரக்கப் படித்தபோது
உச்சரிப்பைத் திருத்தினேன்.
யாரும் என்னைக் கேட்கவில்லை.

இரவு, பெட்டிகள் ஏறிப்போன பிறகு
மண்டபம் கழுவ வந்தாள்.
மேசைக்கடியில் மை கொட்டியிருந்தது.
இடதுகைப் பழக்கக்காரி.
கந்தலால் அழுத்தித் துடைத்திருக்கிறாள்.

விடிந்ததும் விரலைக் காட்டினாள்.
நான் முதலில் சிரித்துவிட்டேன்.
அவள் சிரிக்கவில்லை.
"முகாமில ஆள் எண்ண வருவினம்."
எலுமிச்சம்பழம்.
பிளீச்சிங் பவுடர்.
மின்ஜ் ஓடிப்போய் வாங்கிவந்த டீசல்.
தோல் உரிந்தது,
மை உரியவில்லை.

கோயில் கடிதத்தாளை எடு என்றார் சாமியார்.
இங்கே இருக்கிறார், இங்கே தங்குகிறார்,
இவரை எனக்குத் தெரியும் என்று
எத்தனையோ எழுதிய தாள்.
அதில் அன்றைக்கு எழுதினேன்:
இக்கடிதம் கொண்டுவரும் தவமலர்
வாக்களிக்கவில்லை.
இவர் விரலில் உள்ளது
தரையைத் துடைத்த மை.
இவருக்கு இந்நாட்டில் வாக்கு இல்லை என்பதை
இவர் நன்கு அறிவார்.

முத்திரை குத்தி நீட்டினேன்.
எல்லாப் படிவத்தையும் பார்க்கிற மாதிரி
மேலிருந்து கீழே பார்த்தாள்.
"தேதி போடேல்லை அண்ணை."

தேதி போட்டேன்.
பேனாவுக்குப் பக்கத்தில் தாளை அழுத்தியிருந்த
என் விரலிலும் அதே மை.
என்னிடம் யாரும் சான்று கேட்கப்போவதில்லை.

அடுத்த மாதம் பேரவை மறுபடி கூடுகிறது.
மண்டபத்தைத் தொடரலாமா என்று கை எண்ணுவார்கள்.
ஆறில் ஒருவர் பெரம்பூருக்கு
வீடு மாற்றிப் போய்விட்டார்.
என் கையைப் பற்றி
சாமியார் ஒரு வார்த்தை கேட்கவில்லை.
சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.