மூன்று நாள் இருப்பு

அக்காவுக்கு லூப்ளினில் ஒரு செமஸ்டர்.
மண்ணைப் பற்றிய படிப்பு.
கட்டணம் கிடையாது, அறைக்கும் ஏதோ உதவித்தொகை.
ஆனால் தூதரகத்துக்கு ஒரு தாள் வேண்டும்:
இந்தக் குடும்பத்திடம்
இருபத்தாறாயிரம் ரிங்கிட் இருக்கிறது என்று
வங்கி முத்திரை குத்திய தாள்.
செலவழிக்க அல்ல,
இருக்கிறது என்று காட்ட.

அப்பா செம்பனை ஆலையில் எடைமேடைக் கிளார்க்.
பழத்தோடு வரும் லோரிக்கு ஓர் எண்,
கொட்டிவிட்டுப் போகும் லோரிக்கு ஓர் எண்,
கழித்தால் கிடைப்பதுதான் பழம்.
"அதே கணக்குதாண்டா" என்றார்.
"ஏத்திக் காட்டுவோம். இறக்கிடுவோம்."

இரண்டு மாலைகள் கப்சாயில் பீடோங்கைச் சுற்றினேன்,
இருக்கைக்கு அடியில் மழைச்சட்டை,
மழைச்சட்டைக்குள் மைலோ டின்.
கேன்டீன் புஷ்பராணி கூட்டுப் பணம் எடுத்த கையோடு
கணவருக்குத் தெரியாமல் தந்தார்.
ஆ கியோங் இரும்புக்கடையில் எட்டாயிரம்.
எழுதிக் கொடுக்கவா என்றேன்.
"உங்கப்பா எடை தப்பா போட்டு நான் பாத்ததில்லை"
என்று கல்லாவை மூடினார்.
கோயில் பொருளாளர் மட்டும்
சாமி காசுக்குக் கூட்டம் கூட வேண்டும் என்றார்.
கூடினார்கள். தேநீர் குடித்தார்கள்.
இன்னும் முடிவு வரவில்லை.

ஷோஃபிக்குலிடம் நாங்கள் கேட்கவேயில்லை.
குலை வெட்டுகிறவர்.
ஆலை வாசலில் வண்டியை மறித்து
ஐநூறு நீட்டினார், மலாயில் சொன்னார்:
"வெளிநாடு போக எனக்கும் ஒரு தாள் வேண்டியிருந்தது.
அந்தக் கடனை அடைக்க ஆறு வருஷம்."
வெளிநாடு என்று ஒருவர் பீடோங்கைச் சொல்வார் என்பது
எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

திங்கட்கிழமை போட்டோம்.
"நிலம் வித்தீங்களா அங்கிள்?"
கவுண்டர் பெண் கேட்டதற்கு
அப்பா சிரித்தார், இல்லையென்றும் சொல்லவில்லை.

மூன்று இரவுகள் நாங்கள் பணக்காரர்கள்.
அம்மா அதே கெம்போங் மீனைத்தான் பொரித்தார்.
காசுள்ள வீட்டில் எப்படிப் பேசுவார்கள் என்று தெரியாததால்
யாரும் அதிகம் பேசவில்லை.
நடு இரவில் எழுந்த அப்பா
வாசல் கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தார்,
பணம் வங்கியில் இருந்தபோதும்.
அக்கா வங்கிப் புத்தகத்தின் அந்த ஒரு வரியைப்
படம் எடுத்தாள். பிறகு அழித்துவிட்டாள்.

புதன் முத்திரை. வியாழன் எடுத்தோம்.
திருப்பிக் கொடுத்துக்கொண்டு வந்ததில்
நாற்பது ரிங்கிட் குறைந்தது.
டின்னைக் கவிழ்த்தோம், மழைச்சட்டையை உதறினோம்,
எங்கே என்று இன்றுவரை தெரியவில்லை.
அப்பா தன் சட்டைப் பையிலிருந்து போட்டார்.

இப்போது புத்தகத்தில் அறுபத்தொரு ரிங்கிட் முப்பது காசு.
லூப்ளினில் பனி என்று படம் அனுப்புகிறாள்,
கையுறை போட்ட கையில் ஒரு சீசா கறுப்பு மண்.
நம்ம மண்ணை விட இனிப்பு வாசம் என்கிறாள்.
நம்ம மண்ணுக்கு என்ன வாசம் என்று
நான் குனிந்து பார்த்ததில்லை.

ஷோஃபிக்குல் கடைசி ஆள்.
ஐந்து நூறு ரிங்கிட் தாள்களையும்
வெயிலில் தூக்கிப் பார்த்து வாங்கிக்கொண்டார்.
"எத்தனை மாசம்?"
ஐந்து.
"அப்புறம் வந்துடுவாளா?"
வந்துடுவா.
தலையாட்டினார்.
"நான் ரெண்டு வருஷம்னு சொன்னேன்"
என்று சொல்லிவிட்டு
அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.
பின்னால் ஒரு லோரி
எடைமேடைக்கு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.