கவிழ்த்த அண்டா

சட்டம் எனக்கு வாட்ஸப்பில் வரும்,
இரவு பத்தரைக்கு,
கன்சல்டன்ட் தணிகாசலம் படுக்கப்போகும் முன்.
"மேடம், அரசிதழ். பக்கம் பதினொன்று."
பதினொன்று, பக்கம் மூன்றைப் பார்க்கச் சொல்லும்.
மூன்று, நாற்பத்தேழாம் வருடத்தைப் பார்க்கச் சொல்லும்.
நாற்பத்தேழில் என் அப்பாவே பிறக்கவில்லை.

மஞ்சக்குப்பத்தில் ஒரு பாத்திரக்கடை, ஏழு பெண்கள்.
பெண்ணையாற்றைத் தாண்டிக் கிருமாம்பாக்கத்தில் இன்னொன்று, நான்கு பேர்.
நடுவில் முள்ளோடை.
அங்கே சாராய விலை மாறும், பெட்ரோல் விலை மாறும்,
குறைந்தபட்சக் கூலியும் மாறும்.
குக்கர் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே விசில்.

ஏப்ரலில் பஞ்சப்படி பார்க்கணும்.
பதினைந்துக்குள் பி.எஃப்.
பேறுகால விடுப்பு பன்னிரண்டு வாரமில்லை, இருபத்தாறு.
இதை நான் தெரிந்துகொண்ட அன்று
மரிஸ்தெல்லா பதின்மூன்றாம் வாரத்தில்
ரவிக்கை நனைய பில் போட்டுக்கொண்டிருந்தாள்.
வீட்டுக்குப் போ என்றேன்.
வேலையைவிட்டு நிறுத்துகிறேன் என்று நினைத்து அழுதாள்.
சம்பளத்தோடுதான் என்று புரியவைக்க
ஒரு டீ ஆறிப்போகும் நேரமானது.

பிறகு இருபத்தொன்பது சட்டங்களை
நான்கில் கொட்டிவிட்டதாகச் செய்தி.
பாத்திரக்காரிக்கு இது புரியும்: நாலு அண்டா.
எந்த மூடி எதற்கென்றுதான்
தணிகாசலத்துக்கே பிடிபடவில்லை.

அதற்கெல்லாம் முன்னால் ஒருநாள் வந்தது,
ஒற்றை வரியில்:
கடையில் நின்று வேலை செய்பவர்களுக்கு
உட்கார இருக்கை தரணும்.

சிரித்துவிட்டேன்.
அவர்கள் உட்கார்வது எனக்குத் தெரியாதா?
மதியம் இரண்டுக்கு மேல், ஆள் வராத நேரம்,
பெரிய அண்டாவைக் கவிழ்த்துப்போட்டு.
ஸ்கூட்டி சத்தம் கேட்டதும் எழுந்துவிடுவார்கள்.
நான் உள்ளே வந்து, விலைச்சீட்டைப் பார்ப்பவள்போல,
அண்டாவின் அடியில் கை வைப்பேன்.
சூடாக இருக்கும்.
ஒன்றும் சொல்ல மாட்டேன்.
எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரிந்தால் போதும்.
பத்து வருடம் என் நிர்வாகம் அதுதான்.

ஏழு முக்காலி வாங்கினேன்.
பில்லைக் கோப்பில் வைத்தேன், முக்காலிகளை மாடியில்.
நான்கு மாதம்.
ஆய்வாளர் வருகிறார் என்று தணிகாசலம் சொன்ன காலையில்
அவசரமாக இறக்கினோம்.
அவர் வரவில்லை.
திரும்ப ஏற்றுங்கள் என்றேன்.
தில்லைநாயகி ஒன்றை எடுக்கக் குனிந்தாள்,
சேலை கொஞ்சம் ஏறியது.
கெண்டைக்காலில் நரம்பு,
கெடிலமும் பரவனாறும் மாவட்டப் படத்தில் ஓடுகிற மாதிரி
நீலமாக, முடிச்சு முடிச்சாக.
எந்தக் கோப்பிலும் இல்லாத வரைபடம்.
அதற்கு எத்தனை வருடச் சம்பளம் கொடுத்தேன் என்று
கணக்குப் போடப் பார்த்தேன், வரவில்லை.
"இருக்கட்டும், இங்கேயே" என்றேன்.
அவ்வளவுதான் நான் சொன்னது.

கிருமாம்பாக்கத்துக்கும் நான்கு அனுப்பினேன்.
அந்தப் பக்கம் இது செல்லுமா என்று
தணிகாசலத்தைக் கேட்கவில்லை.
கேட்டால் பக்கம் பதினொன்று என்பார்.
போகும்போது வண்டியை யாரும் நிறுத்தவில்லை.
திரும்பும்போதுதான் முள்ளோடையில் சோதனை,
சீட்டுக்கு அடியில்கூட டார்ச் அடித்தார்கள்.
காலி வண்டி.

இப்போதும் நான் வந்தால் எழுந்துவிடுகிறார்கள்.
உட்காரலாம் என்றுதான் அரசிதழில் இருக்கிறது,
எழ வேண்டாம் என்று இல்லை.
அந்த விதியை எழுதவேண்டியது
கோட்டையில் இல்லை போலிருக்கிறது.

நேற்று ஸ்கூட்டியை இரண்டு கடை தள்ளி நிறுத்திவிட்டு
நடந்து வந்தேன்.
தில்லைநாயகி பாதி எழுந்தாள்,
பாதியில் நின்று என் முகத்தைப் பார்த்தாள்.
நான் முதுகைக் காட்டி
டவராக்களை எண்ண ஆரம்பித்தேன்.
பன்னிரண்டு எண்ணும்போது
பின்னால் முக்காலி கிறீச்சிட்டது.