நீல நோட்டு, பழுப்பு நோட்டு

ராவுத்தர் கடைக் கணக்கை நான்தான் எழுதினேன்.
பட்டர்வொர்த், விமானத் தளத்து வேலியிலிருந்து
நாலாவது முடுக்கு.
ஆஸ்திரேலியர் வீடுகளுக்கு நீல அட்டை நோட்டு,
நம்மவர்க்குப் பழுப்பு.
நீலத்தில் எந்தச் சாமானுக்கும் இருபது காசு கூட.
யாரும் கேட்டதில்லை.

நீலத்துக்கு மட்டும் ஏறிய விலை
ஒரு மழைக்காலத்தில் பழுப்புக்கும் தாவியது.
பாக் சமாட் நண்டுக் கூடையோடு
எங்கள் சந்தைப் பக்கம் வருவதையே நிறுத்தினார்.
"அங்கே பேரம் பேசுவதில்லை" என்றார்.
குற்றம் சொல்லவா முடியும்?

சௌந்தரவல்லி மூன்று வீட்டில் துணி துவைத்தாள்,
மாதம் நூற்றெண்பது வெள்ளி.
தோட்டத்தில் பால் வெட்டிய அவள் அண்ணனுக்கு
அதில் பாதிகூட இல்லை.
மகனைத் தட்டச்சு வகுப்பில் சேர்த்தாள்.
கடைவாய்ப் பல்லுக்குத் தங்கம் கட்டிக்கொண்டாள்.
அவள் குடியிருந்த பலகை வீட்டைத்
தவுக்கே இடித்துக் கல்வீடாக்கி
ஒரு விமானிக்கு வாடகைக்கு விட்டபோது
அங்கேயே வேலைக்குப் போனாள்.
தன் அடுப்படி இருந்த இடத்தில்
அவர்கள் நாயைக் குளிப்பாட்டினாள்.

மிராஜ் மேலெழும்போதெல்லாம்
என் கூட்டல் பாதியில் அறுந்துவிடும்.
கையில் வைத்த மீதி மறந்துபோய்
மறுபடி மேலிருந்து தொடங்குவேன்.
"இந்த நிமிஷத்துக்கெல்லாம் யார் கூலி தருவது?"
ராவுத்தர் சிரித்தார்:
"சத்தத்தில்தானே தங்கச்சி சோறு."

பிறகு ஒவ்வொரு வீடாகக் காலியானது.
நீல நோட்டு பதினேழும்
ஒரு காசு பாக்கியில்லாமல் முடிந்தன.
பழுப்பில்தான் கடன் புடைத்தது.
தையற்கடை வேலாயுதம், டாக்சிக்காரர் லிம்,
தங்கப்பல்லைக் கழற்றி விற்ற பிறகு
சௌந்தரவல்லியும்
அரிசிக்குக் கையெழுத்துப் போட்டாள்.

வாடகை பாதியாய் விழுந்தது.
ஏழு மாதம் கழித்து அதே கல்வீட்டில்
பின்னறையை அவள் எடுத்தாள்.
நாயும் அங்கேதான் இருந்தது,
கொண்டுபோகாமல் விட்டிருந்தார்கள்.
நண்டும் சந்தைக்குத் திரும்பியது.
மதியம்வரை கூடையில் ஊர்ந்துகொண்டிருந்தது.

அன்றைக்குக் கடைசி வரி:
நாய்க்கு எலும்பு, ஐம்பது காசு.
பழக்கத்தில் நீல நோட்டைத் திறந்துவிட்டேன்.
மூடினேன்.
அவள் பெயரில் எழுதினேன்.

வானத்தில் ஒன்றுமில்லை.
ஒரே மூச்சில் கூட்டி முடித்தேன்.
சரியாகத்தான் வந்தது.
இருந்தும் இன்னொரு முறை
மேலிருந்து தொடங்கினேன்.